பின்சக்கரத்தின் குற்றம்

சற்றுத் தள்ளி உட்காருங்கள் அம்மா, கிரீஸ் பட்டுவிடும். பல்சக்கரம் இருக்கும் பக்கத்தை நான் நடக்கும் வழிப்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்கிறேன். உங்கள் சேலை புதிது போலிருக்கிறது. அந்தப் பூப்பொட்டலத்தையும் ஜன்னல் ஓரமாக வைத்துவிடுங்கள். இப்போது சரி.

ஆமாம், சைக்கிளின் பின்சக்கரம்தான். எல்லோரும் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். நடத்துநர்கூட, "மிச்ச சைக்கிளு எங்க டீச்சர், அடுத்த பஸ்ஸுல வருதா?" என்று கேட்டுச் சிரித்தார். என்னை அவருக்குத் தெரியாது. ஆனாலும் டீச்சர் என்றார். நான் ஓய்வு பெற்றுப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன; வாயைத் திறந்து ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும், முன்பின் அறியாதவர்களும் டீச்சர் என்று அழைத்துவிடுகிறார்கள். நவமணி டீச்சர். உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் அறிவியல்.

நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? தென்காசியா? நான் ஆழ்வார்குறிச்சி. உங்களுக்கு முன்னால் இறங்கிவிடுவேன். அது வரைக்கும் உங்களிடம் ஒன்று சொல்லலாமா? தெரிந்தவர்களிடம் சொல்ல முடியவில்லை. எங்கள் தெருவில் எல்லோரும் ஒரு கட்சி. நீங்கள் எந்தக் கட்சியும் இல்லை, ஆகவே நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

என் மாணவன் ஒருவன் எனக்குச் செய்த வஞ்சகம் இந்தச் சக்கரத்துக்குள் இருந்தது. இன்று காலையில்தான் அம்பாசமுத்திரத்தில் அதைத் திறந்து பார்த்தோம்.

முறையாகச் சொல்கிறேன். என் கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் பியூலா ஓசூரில் இருக்கிறாள். "ஒத்தையில கெடந்து என்னம்மா செய்யுறீங்க, இங்க வந்துருங்க" என்று வாரம் தவறாமல் அழைப்பாள். என் முழங்கால் அரை மைல் நடக்க விடாது. ஆனால் சைக்கிள் ஓட்ட விடும். கடை, தபால் நிலையம், ஆலயம், எல்லாம் எனக்குச் சைக்கிளில்தான். அது இருக்கிறவரை யாரிடமும் ‘கொஞ்சம் வாங்கி வந்து கொடுங்கள்’ என்று நான் நிற்க வேண்டியதில்லை. ஆகவே சென்ற ஆண்டு அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘என் சைக்கிள் ஓடும் வரை நான் என் வீட்டில் இருப்பேன். அது ஓடாத நாளில் நீ அழைக்கும் இடத்துக்கு மறுபேச்சின்றி வருவேன்.’ கையெழுத்திட்டுத் தேதியும் போட்டேன். அந்தக் கடிதத்தைப் படம் பிடித்துப் போனில் வைத்திருக்கிறாள். இரண்டு நாளைக்கு ஒரு முறை கேட்கிறாள், "அம்மா, சைக்கிள் ஓடுதா?"

ஓடவில்லை. நாளை மதியம் காரோடு வருகிறாள்.

கேட்கிறதா, டிக் டிக் என்று? பஸ் குலுங்குகிறது அல்லவா, பல்சக்கரம் அசைகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்று காலையில்தான் திரும்பி வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது.

தொடக்கம் ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணி. பெரிய சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குள் இடப்பக்கமாகத் திரும்புகிறேன். முனையில் ரேஷன் கடை, கூட்டம். நான் நேரே பார்த்துக்கொண்டுதான் ஓட்டினேன். அங்கும் இங்கும் வேடிக்கை பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவள் அல்ல நான். திரும்பிய கணத்தில் பெடல் நழுவியது. கால் வெறுமையில் மிதித்ததுபோல் ஒரு நழுவல். சக்கரம் பக்கவாட்டில் இழுத்தது. ஒரு பிள்ளை மேல் மோதிவிட்டேன்.

இசக்கி என்று பெயர். ஐந்து வயது. கையில் குச்சி ஐஸ். முன்பல் ஒன்று உடைந்தது, முகவாயில் மூன்று தையல். பால்பல்தான், முளைத்துவிடும். குறுக்கே ஓடி வந்தாள் என்று நான் சொன்னேன். ரேஷன் கடையில் நின்றவர்கள், அவள் ஓடவில்லை, ஓரமாக நின்று ஐஸ் தின்றுகொண்டிருந்தாள் என்கிறார்கள். கூட்டத்தில் நிற்கிறவர்களுக்கு என்ன தெரியும்? வண்டியை ஓட்டியவள் நான். நான் பார்க்கவில்லை என்றால் அவள் அங்கே இல்லை என்றுதானே பொருள்? எங்கிருந்தோ ஓடி வந்திருக்க வேண்டும்.

முதலில் ஓடி வந்தவன் சுடலையாண்டி. முனையிலேயே அவனுக்குச் சைக்கிள் கடை. வயது ஐம்பத்திரண்டு, எனக்கு மட்டும் அவன் எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, மூன்றாவது பெஞ்சு. இன்றைக்கும் என்னைக் கண்டால் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு எழுந்து நிற்பான். இசக்கி அவன் பேத்தி. அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். மகள் வயிற்றுப் பேத்தி.

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டான். ரத்தம் அவன் சட்டையெல்லாம். அப்படியிருந்தும் என்னைத்தான் கேட்டான், "டீச்சர், ஒங்களுக்கு அடி பட்டுச்சா?" என்று. நான் சொன்னேன், "சுடலை, பின்சக்கரம் நழுவிவிட்டது." அவன் கீழே கிடந்த சைக்கிளை ஒரு கையால் நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டான். பெடலை ஒரு மிதி மிதித்துவிட்டுச் சக்கரத்தை ஓடவிட்டுக் குனிந்து கேட்டான். டிக் டிக் என்று சுற்றி நின்றது. என் முகத்தைப் பார்த்தான். பிறகு, "ஆமா டீச்சர், வீலுதான்" என்றான்.

அவன் மகள் மாரி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். "கண்ணு தெரியலன்னா வீட்டுல கெடக்க வேண்டியதுதான? எதுக்கு ரோட்டுல வந்து பச்சப்புள்ளய ஏத்துதீங்க?" என்று கத்தினாள். அவளும் என் மாணவிதான். ஆறாம் வகுப்பு. சுடலை அவளை அதட்டினான். "ஏட்டி, சும்மா கெட. வீலு சரியில்லைங்கேன்ல்லா."

கண் தெரியவில்லையாம். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. மகள் வற்புறுத்தினாள் என்று பங்குனி மாதம் ஒரு கண் முகாமுக்குப் போனேன். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தேன். கடைசி வரி, அம்மா. கீழே சிறிய எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தது, அதையும் படித்தேன். பிறகு ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நேரே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரத்தில் வெளிச்சப் புள்ளி தோன்றினால் பொத்தானை அழுத்த வேண்டும். காத்திருந்தேன். புள்ளி வரவேயில்லை. வராத புள்ளிக்கு எப்படி அழுத்துவது? அந்த டாக்டருக்கு என் மகளைவிட வயது குறைவு. "பக்கப் பார்வை ரொம்பக் குறைஞ்சிருக்கும்மா, சொட்டு மருந்து போடுங்க, வண்டி எதுவும் ஓட்ட வேண்டாம்" என்றார். "முதலில் உங்கள் மிஷினைச் சரிபாருங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சொட்டு மருந்து போடுகிறேன். மருந்தைக் குறை சொல்லவில்லை.

என்னவோ சொல்ல வருகிறீர்கள். பொறுங்கள், முடித்துவிடுகிறேன். இடையில் நிறுத்தினால் எனக்குக் கோவை அறுந்துவிடும்.

சைக்கிளைச் சுடலையாண்டியின் கடையில் விட்டேன். அன்றிலிருந்து பதினேழு நாட்கள் வைத்திருந்தான். நான் நாள் தவறாமல் போய் நிற்பேன், இந்த முழங்காலோடு. ஒரு நாள், "கோன் தேஞ்சு போச்சு டீச்சர்" என்றான். ஒரு நாள், பால்ரஸ் குண்டு வரவில்லை என்றான். ஒரு நாள், "ரிம்மு பெண்டு எடுக்கணும்" என்றான். ஒரு நாள் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வாங்கி வந்தான். நான் டீ குடிக்க அங்கே போகவில்லை. பதினெட்டாம் நாள், சரியோ தவறோ கொடு என்று வாங்கிக்கொண்டு தள்ளியே வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

அறிவியல் கற்பித்தவள் நான். பழுது என்றால் ஊகிக்கக் கூடாது, சோதிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதிக்க வேண்டும். முற்றத்தில் ஸ்டாண்டு போட்டேன். சக்கரம் கோணலா என்று பார்க்க ஒரு சாக்பீஸ் எடுத்தேன். சக்கரத்தைத் தாங்கும் பின்கவையின் மேல் கையை அசையாமல் ஊன்றி, ரிம்முக்கு நூலிழை தள்ளிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினேன். கோணல் இருந்தால் அந்த இடம் மட்டும் சாக்பீஸில் உரசி வெள்ளையாகும். எங்குமே உரசவில்லை. இன்னும் நெருக்கிப் பிடித்தேன். சுற்றிலும் ஒரே சீராகக் கோடு விழுந்தது. காம்பஸ் வைத்து வரைந்ததுபோல. அப்படியானால் கோணல் இல்லை. ரிம்மைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினேன். ஆட்டம் இல்லை, ஆகவே அச்சில் இருக்கும் கோன் சரி. கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டினேன். தளர்ந்த கம்பி இல்லை. செயினை நடுவில் அழுத்தினேன். அரை அங்குலம் இறங்கியது, இறங்க வேண்டிய அளவு அவ்வளவுதான். ஒரு குறையும் இல்லை. ஏறி உட்கார்ந்தேன்.

மிதித்தேன். பெடல் சுற்றியது. செயின் சுற்றியது. பல்சக்கரமும் சுற்றியது. பின்சக்கரம் மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

முன்னுக்கு மிதித்தாலும் சுற்றுகிறது, பின்னுக்கு மிதித்தாலும் சுற்றுகிறது. கால் களைக்கும் வரை மிதித்துப் பார்த்தேன், ஓர் அடி நகரவில்லை. இன்னொன்றையும் கவனித்தேன். சத்தமே இல்லை. பின்னுக்கு மிதித்தால் டிக் டிக் என்று கேட்க வேண்டும், கேட்கவில்லை. அந்த அமைதிதான் எனக்கு முதலில் உறுத்தியது.

மறுபடியும் தள்ளிக்கொண்டு போனேன். "பிரீவீல் போயிட்டு டீச்சர்" என்றான். "புதிது போடு" என்றேன். "இது பழைய மாடல், கெடைக்காது." "அம்பாசமுத்திரத்தில் கிடைக்கும்." "அங்கயும் கெடைக்காது டீச்சர்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். எட்டாம் வகுப்பிலும் அப்படித்தான். பொய் சொல்லும்போது கால் கட்டை விரலைப் பார்ப்பான். இப்போதும் அதே கட்டை விரல், அதே பார்வை.

என் வகுப்பில் ஒரு விதி உண்டு. டீச்சர் சொன்னதற்கு ‘இல்லை’ என்றோ ‘மாட்டேன்’ என்றோ யாரும் சொல்லக் கூடாது. ‘சரிங்க டீச்சர்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு முறை இந்தச் சுடலைதான், கரும்பலகையில் நான் வரைந்த படத்தில் கப்பியின் கயிறு தவறாக இருக்கிறது என்று எழுந்து சொன்னான். உண்மையில் தவறுதான். ஆனாலும் ஒரு பாடவேளை முழுவதும் வெளியே நிற்க வைத்தேன். ஒழுங்கு முக்கியம். அதற்குப் பிறகு அவன் எனக்கு எதிராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நாற்பது ஆண்டுகள். நல்ல மாணவன் என்றே நினைத்திருந்தேன்.

பின்பு நானே ஸ்பேனர் வாங்கினேன். நேற்று மதியத்தில் தொடங்கி விளக்கு வைப்பதற்குள் சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். நட்டின் வரிசையை மறக்காமல் இருக்கத் தாளில் படம் வரைந்துகொண்டேன். இன்று காலை முதல் பஸ்ஸில் அம்பாசமுத்திரம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் காஜா மைதீன் என்று ஒருவர், பெரியவர், கடை என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு பலகை, இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ். சக்கரத்தை வாங்கிப் பல்சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். "ஊமையா இருக்கே" என்றார். எனக்கு உடனே அவரைப் பிடித்துவிட்டது.

இந்தப் பல்சக்கரம்தான் பிரீவீல்; அதன் முகத்தில் இரண்டு சிறு குழிகள் இருக்கும். அதில் ஓர் உளியை வைத்துத் தட்டினால் மூடி கழலும். அவர் வலப்பக்கமாகத் தட்டினார். "இடப்பக்கமாக அல்லவா கழற்ற வேண்டும்?" என்றேன். "ஒலகத்துல மத்ததெல்லாம் அப்படித்தான் டீச்சரம்மா, இது ஒண்ணு மட்டும் எதிர்ப்பக்கம்" என்றார். எனக்கு அது தெரியாது. முப்பத்தொரு ஆண்டுகள் திருகாணி கற்பித்திருக்கிறேன்.

மூடியைக் கழற்றும் முன்பே என்னைக் கேட்டார், "இத சமீபத்துல யாரு தொறந்தது? தட்டுன தடம் புதுசா மின்னுதே." பிறகு திறந்து, தாளின் மேல் கவிழ்த்தார். கடுகு போல் குண்டுகள். உள்ளே இரண்டு சிறிய நாக்குகள் இருக்க வேண்டும், அம்மா. நகக்கண் அளவுதான். மெல்லிய கம்பி ஒன்று அவற்றைத் தூக்கிப் பிடித்திருக்கும். நாம் மிதிக்கும்போது அந்த நாக்குகள்தான் பல்லில் மாட்டிச் சக்கரத்தைத் தள்ளும். மிதிக்காமல் விட்டால் வழுக்கி டிக் டிக் என்று சொல்லும். அந்த இரண்டு நாக்குகளும் இல்லை. கம்பியும் இல்லை.

"விழுந்துவிட்டதோ?" என்றேன்.

"எப்படி விழும்? மூடி இருக்கு, குண்டு ஒண்ணு கொறையல. வேணும்னே எடுத்திருக்காங்க. எடுத்துட்டு, பழைய கிரீஸத் தொடச்சு, புதுசு வச்சு, சுத்தமா மூடியிருக்காங்க. கெடுக்குறவன் இவ்வளவு நல்லா மூட மாட்டானே! நல்ல வேலைக்காரன், டீச்சரம்மா. ஒங்க மேல அவனுக்கு என்ன கோவம்?"

என்ன கோபம்! அதைத்தான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிள்ளைக்குத் தையல் போட்ட அன்று ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனேன். மாரி வாசலில் நின்று வழி விடவில்லை. இவன்தான் உள்ளே அழைத்து நாற்காலி போட்டான். கோபம் என்றால் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே! ‘டீச்சர், உங்கள் சைக்கிளைச் சரிசெய்து தர மாட்டேன்’ என்று ஒரு வார்த்தை. திருட்டுத்தனமாக இரண்டு நாக்கை உருவி எடுத்து, என்னை நின்ற இடத்திலேயே மிதிக்க வைத்துவிட்டான். அதனால் நாளைக்கு என் வீட்டைப் பூட்டப் போகிறேன்.

அதாவது, பூட்டப் போவதாக இருந்தேன். காஜா மைதீன் பழைய பிரீவீல் ஒன்றிலிருந்து நாக்கும் கம்பியும் எடுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இப்போது சக்கரம் பிடிக்கிறது. இறங்கியதும் நேரே சுடலையாண்டியின் கடை. இதை அவன் முன்னால் வைத்து, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, ஏன் செய்தாய் என்று தெரு முழுவதற்கும் கேட்கும்படி கேட்பேன். பிறகு அவன் கையாலேயே மாட்டச் சொல்லி, நாளை பியூலா வரும்போது தெருமுனை வரை ஓட்டிச் சென்று அவளை எதிர்கொள்வேன். நீங்களே சொல்லுங்கள், இது நியாயம்தானே? கேளுங்கள், எப்படிப் பேசுகிறது பாருங்கள், டிக் டிக் டிக் என்று. சாலை மோசம்.

எதற்குக் கண்ணைக் காட்டுகிறீர்கள்? முன்பும் அப்படித்தான் ஏதோ சொல்ல வந்தீர்கள்.

பஸ் நிற்கிறதா? ஆமாம், ரயில்வே கேட். நிற்கிறது. எஞ்சினையும் அணைத்துவிட்டார்.

அப்படியானால் இது எப்படிச் சுற்றுகிறது?

உங்கள் மகளா? யார்? எங்கே?

அடடா. இங்கேயா. விரலெல்லாம் கிரீஸ். கவுனிலும் பட்டிருக்கிறது. நீயா பாப்பா இதைச் சுற்றிக்கொண்டிருந்தாய்? எப்போது வந்தாள் இவள்? முன் இருக்கையில் அப்பாவிடம் இருந்தாளா? நான் என் கணவரைப் பற்றிச் சொன்னபோதே வந்துவிட்டாளா? அப்போதிருந்து இங்கேயேவா நிற்கிறாள்? என் முழங்கைக்கும் இவள் தலைக்கும் ஒரு சாண் இடைவெளி இல்லையே.

இல்லை, திட்டவில்லை. பயப்படாதே. கை கழுவினால் போய்விடும், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொல்.

அம்மா, கேட் திறப்பதற்குள் எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். பாப்பா, முன்பு நின்ற அதே இடத்தில் நில். ஒரு விரற்கடை மாறக் கூடாது. நான் நேரே ஓட்டுநரின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சாலையைப் பார்ப்பதுபோல. திரும்ப மாட்டேன். நிற்கிறாளா? கையை ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டுகிறாளா? இரண்டு கையையுமா? இப்போதும்?

சரி. போதும். போய் உட்கார் பாப்பா.

அந்த டாக்டரிடம் மிஷினைச் சரிபார்க்கச் சொன்னேன்.

சுடலையாண்டி அன்று குனிந்து கேட்டான் என்றேன் அல்லவா? ரத்தம் சொட்டுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. சக்கரம் டிக் டிக் என்று சுற்றி நின்றது. நன்றாகத்தான் சுற்றியது. நாக்கைப் பிறகு வேண்டுமென்றே எடுத்திருக்கிறார்கள் என்று மைதீன் பாய் சொன்னபோதே அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது நன்றாக இருக்கிறது என்று காதால் கேட்ட பிறகுதான் அவன் என்னைப் பார்த்து, "ஆமா டீச்சர், வீலுதான்" என்றான். எனக்கு எதிராக ‘இல்லை’ சொல்ல அவனுக்கு வராது. நான்தான் வராமல் செய்தேன்.

கேட் திறந்துவிட்டார்கள். அடுத்த நிறுத்தம் என்னுடையது.

அந்தப் பூப்பொட்டலத்தில் வாழைநார் சுற்றியிருக்கிறதே, அதில் ஒரு துண்டு கொடுப்பீர்களா? பல்சக்கரத்தைச் சக்கரக் கம்பியோடு சேர்த்துக் கட்ட வேண்டும், அசையாமல். நீங்களே கட்டிவிடுங்கள், நான் சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறேன். இன்னும் ஒரு முடிச்சு. இறுக்கமாக. அவன் கடை முன்னால் இதை இறக்கி வைத்து, "அம்பாசமுத்திரத்திலும் சரியாகவில்லை சுடலை, இதை நீயே வைத்துக்கொள்" என்று சொல்ல வேண்டும். அவன் "சரிங்க டீச்சர்" என்பான்.

நன்றாகக் கட்டியாயிற்றா? ஒரு முறை சுற்றிப் பாருங்கள். சத்தம் வரக் கூடாது. அவனுக்குக் காது மிகவும் கூர்மை.